மூன்றாவது கீப்பரின் வேலை

நாட்டுக் கால்பந்து அணியில் மூன்றாவது கீப்பருக்கு என்ன வேலை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன். நான்கு வருடமாக, பதினொரு கேம்ப்களாக அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் கீப்பர் உடம்பைச் சூடேற்றும்போது எதிரில் நின்று பந்தை உருட்டிவிட வேண்டும். வேலிக்கு அப்பால் போன பந்துகளைப் பொறுக்கி வர வேண்டும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் யார் ஜோக் அடித்தாலும் கேட்ட மாதிரி சிரிக்க வேண்டும். இதெல்லாம் சில்லறை வேலை. உண்மையான வேலை ஆட்டத்துக்கு முந்தைய நாள், பயிற்சி முடிகிற கடைசிப் பத்து நிமிடத்தில்தான். கோல் அடிக்கிறவர்கள் வரிசையாக வந்து பெனால்டி உதைப்பார்கள். அதை நான் உள்ளே விட வேண்டும்.

நாளைக்கு ஆடப் போகிறவன் இன்றைக்குப் பந்து வலையில் போய் விழுவதைப் பார்த்துவிட்டு அறைக்குப் போக வேண்டுமாம். அப்போதுதான் நெஞ்சில் தெம்பு இருக்குமாம். முதல் கேம்ப்பில் இது எனக்குத் தெரியாது. கூப்பிட்டுவிட்டார்கள் என்ற குஷியில் முதல் நாளே பத்தில் ஏழைப் பிடித்துவிட்டேன். உதவிக் கோச் மெதுவாக வந்து தோளில் கை போட்டார்.

"நல்லா பிடிக்கிறே தம்பி. ஆனா நாளைக்கு கிரவுண்டுல இறங்கப்போறது நீ இல்ல, அவங்க. மனசு உடையாம அனுப்பணும். நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. அடுத்த முறை பத்தில் இரண்டுதான் பிடித்தேன். அடுத்த கேம்ப்புக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்ததற்கும்.

விடுவது என்றால் மரம் மாதிரி நிற்பது இல்லை. அப்படி நின்றால் உதைக்கிறவனுக்கு ரோஷம் வந்துவிடும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே பாய வேண்டும். முழு நீளத்துக்குக் கையை நீட்ட வேண்டும். விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். தரையில் விழுந்த பிறகு 'சே' என்று புல்லை ஒரு அடி அடிக்க வேண்டும். இத்தனைக்கும் சூட்சுமம் ஒன்றுதான். கண் இமைக்கிற நேரம் தாமதிக்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாடகம் என்று தெரிந்துவிடும். நான் அதில் கெட்டிக்காரன் என்று உதவிக் கோச்சே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இருபத்தாறு ஆட்டங்களுக்கு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. அணியின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் ஜெர்சியை முகர்ந்து பார்ப்பார். "இதைத் தொவைச்சா சோப்புக்குத்தான் நஷ்டம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்பதும் என் வேலையில் சேர்த்தி என்று முன்பே சொன்னேன்.

என்னை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். கிளப்பில் நான்தான் முதல் கீப்பர். இரண்டாம் பிரிவு கிளப்தான், ஆனாலும் ஆறு வருடமாக அந்தக் கம்பங்களுக்கு நடுவே வேறு யாரையும் நிற்க விட்டதில்லை. முப்பது வயது ஆனபோது ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். அழைப்பு வருகிறது, ஆட்டம் வரவில்லை. அப்படியென்றால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும். இன்னும் தேற வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். அடுத்தவன் மேல் பழி போடுவதைவிடத் தன்னைத் திருத்திக்கொள்வது சுலபம் என்று அப்போது ஒரு நம்பிக்கை.

இரண்டு வருடம் என்னைப் போட்டுப் புரட்டி எடுத்தேன். சர்க்கரையை விட்டேன். மாடிப்படியை ஒற்றைக் காலில் ஏறினேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் பொறுமையாக உற்றுப் பார்க்கிற ஆள். அவள்தான் போனில் என்னைப் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறை சொன்னாள். "பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க இடது முழங்கால் வளையுது. அவன் அதைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் அடிக்கிறான்" என்றாள். பதினைந்து வருடம் எந்தக் கோச்சும் கண்டுபிடிக்காததை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலை துவட்டிக்கொண்டே கண்டுபிடித்தாள்.

அவளுடைய அண்ணன் டயர் கிடங்கு வைத்திருக்கிறார். கிடங்குக்குப் பின்னால் சிமெண்ட் முற்றம். டயர்களை அடுக்கி இரண்டு கம்பம் ஆக்கி, பழைய கித்தானைத் தரையில் விரித்து, வாரத்துக்கு மூன்று நாள் எனக்குப் பெனால்டி அடிப்பதை மச்சான் ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டார். இரும்பு வைத்த வேலை பூட்ஸைக்கூடக் கழற்ற மாட்டார். பந்து பீரங்கி மாதிரி வரும். நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் ஊன்றுகிற காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஊன்றிய காலின் விரல் எங்கே திரும்புகிறதோ பந்து அங்கேதான் வரும். ஒரு நாள் நூறில் நாற்பத்தொன்றைப் பிடித்தேன். மச்சான் ஒரு டயர் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மாப்ள, உன்னை அங்கே ஒப்புக்குச் சப்பாணியா வெச்சிருக்கானுங்களே, அவனுங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கும் மச்சான். ஒரு நாள் பார்ப்பாங்க."

"என்னைக்கு? உனக்கு மூட்டு வலி வந்த பிறகா?"

போன சீசனில் கிளப் ஆட்டங்களில் எனக்கு எதிராக ஒன்பது பெனால்டி. ஐந்தைப் பிடித்தேன். பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் நாலு வரி வந்தது. மச்சான் அதை வெட்டி, டயர் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

இந்த முறை கேம்ப் அழைப்பு வந்தபோது கிளப்பில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஒரு கீப்பரைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது, கதவு உயரம். முதல் பிரிவுக்காரர்களுக்கு நாட்டு ஆட்டம் என்றால் லீக்கையே நிறுத்திவிடுவார்கள். எங்கள் பிரிவில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. நான் போகிற பத்து நாளில் கிளப்புக்கு இரண்டு ஆட்டம் இருந்தது.

கிளப் கோச் தன் அறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பலகையில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காந்த வில்லை. என் வில்லை கோலுக்கு முன்னால் இருந்தது. அவர் பேசிக்கொண்டே அதை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார்.

"போறதுன்னா போ. தடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா ரெண்டு மேட்ச் அவன் நிப்பான். நல்லா நின்னுட்டான்னா நீ திரும்பி வந்து என்னைக் கேட்கக்கூடாது."

"நாட்டுக்கு ஆடக் கூப்பிடுறாங்க சார். எப்படி வரமாட்டேன்னு சொல்றது?"

"ஆடவா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். வில்லையைப் பலகையின் ஓரத்தில், காயம்பட்டவர்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எரிச்சலில் பாதி அவர் கேட்டது நியாயமாக இருந்ததால். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய சத்தத்திலேயே மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இது கடைசித் தடவை" என்றேன். "இந்தத் தடவை ஒரு நிமிஷமாவது ஆடணும். இல்லைன்னா அடுத்த தடவை கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லிடுவேன்." அவள் என் கிளவுஸைக் கழுவித் துணி காயப்போடும் கம்பியில் மாட்டிக்கொண்டே, "ஆடிட்டு வாங்க" என்றாள்.

கேம்ப்புக்குப் போன மூன்றாம் நாள் முதல் கீப்பருக்கு விரல் முறிந்தது. அடுத்தவன் விரல் முறிந்ததில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. மறைக்க விரும்பவில்லை, வந்தது. தலைமைக் கோச் புதியவர், போன மாதம்தான் பொறுப்பேற்றார். அன்று சாப்பாட்டு மேஜைக்கே வந்து, தட்டுகளுக்கு நடுவே கையை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரிடமும் பேசினார். முதல் பாதியில் இரண்டாவது கீப்பர் நிற்பான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது சிநேக ஆட்டம்தான். ரெண்டாவது பாதியில உன்னை இறக்கலாமான்னு யோசிக்கிறேன். நாளைக்குப் பிராக்டீஸ்ல பார்த்துட்டு முடிவு பண்றேன்."

நான்கு வருடத்தில் ஒரு தலைமைக் கோச் என் முகத்தைப் பார்த்து முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் மனைவிக்குப் போன் செய்தேன். அவள் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு அந்தப் பெனால்டி கூத்து இருக்குமே?" என்றாள்.

"இருக்கும். இன்னைக்கு ஒண்ணையும் விட மாட்டேன். யாரு மனசு உடைஞ்சாலும் சரி."

"அப்படிப் போடுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நாள் முழுவதும் போதுமானதாக இருந்தது.

பயிற்சி முடிகிற நேரம். லேசான தூறல், புல் ஈரம். தலைமைக் கோச் எல்லைக் கோட்டருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கிளவுஸ் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது உதவிக் கோச் பந்துப் பையை இழுத்துக்கொண்டு வந்து, அதைக் கட்டுகிற சாக்கில் என் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னைக்கு கேப்டன் ஒருத்தன்தான் அடிக்கப்போறான், பத்தும் அவன்தான். ஒன்பது மேட்ச் ஆச்சு, ஒரு கோல் இல்ல. ராத்திரி தூங்குறதே இல்லையாம். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ."

"சரி சார்" என்றது என் வாய். பதினொரு கேம்ப்பாகச் சொல்லிப் பழகிய வாய். மனதுக்குள் முடியாது என்றேன். கேப்டன் நல்ல மனிதன், எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் அவனுக்கு ஒன்பது ஆட்டம் வறட்சி என்றால் எனக்கு இருபத்தாறு ஆட்டம். என் தூக்கத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா?

முதல் உதை. அவனுடைய ஊன்றிய காலின் விரல் என் வலப்பக்கம் திரும்பியது. தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து விரல் நுனியைத் தாண்டி உள்ளே போனது. நல்ல உதை என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது இடப்பக்கம், தரையோடு. அதையும் முன்பே பார்த்துவிட்டேன். பாய்ந்தேன். ஒரு சாண் தள்ளிப் போனது. புல் ஈரம், கால் வழுக்கியிருக்கும் என்று பூட்ஸின் அடியைக் கம்பத்தில் தட்டிக்கொண்டேன். மூன்றாவதும் ஒரு சாண். உட்கார்ந்திருந்தவர்கள் கேப்டனுக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டின் மேல் போய் நின்றேன். இரும்பு பூட்ஸோடு இவனைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிக்கிற மச்சானின் பந்தையே பிடித்தவன் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது உதையின்போதுதான் கவனித்தேன். அவன் கால் ஊன்றுகிறது, எனக்குத் திசை தெரிகிறது, போ என்கிறேன். என் உடம்பு போகவில்லை. கண் இமைக்கிற நேரம் நிற்கிறது. பிறகு அழகாகப் பாய்கிறது. முழு நீளத்துக்குக் கை நீள்கிறது. விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண். கீழே விழுந்ததும் என் கை தானாகவே புல்லை ஒரு அடி அடித்தது. நான் அடிக்கச் சொல்லவில்லை.

ஐந்தாவதுக்கு, அவன் அடிக்கும் முன்னாலேயே பாய்ந்துவிடலாம் என்று தீர்மானித்தேன். முடியவில்லை. அதே கோல், அதே கேப்டன், பின்னால் குனிந்து நிற்கிற அதே உதவிக் கோச். இந்த இடத்தைப் பார்த்ததும் உடம்புக்கு வேறு எதுவும் தெரியவில்லை. கிடங்கு முற்றத்தில் இரண்டு வருடம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கே நான்கு வருடம் விடக் கற்றுக்கொண்டேன். இரண்டையும் ஒரே சிரத்தையோடுதான் செய்தேன், அதுதான் தப்பு. ஆறாவது என் முழங்காலில் வந்து மோதி வெளியே போனது. ஒன்பதாவதை அவன் களைத்துப்போய் நேராக என் வயிற்றுக்கே அடித்தான். அந்த இரண்டையும் பால் வாங்கப் போகிறவனை வழியில் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் பிடித்திருப்பான். பத்தாவதுக்கு வாய்விட்டுக் கத்திக்கொண்டு பாய்ந்தேன். தோள்பட்டை தரையில் இடித்து வலித்தது. வலை குலுங்குகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கேப்டன் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டுக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. தலைமைக் கோச் கைதட்டினார். அவரும் உதவிக் கோச்சும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேச்சின் நடுவே இருவரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினேன். கிளப்பில் என் இடமும் போச்சு, இங்கே இந்தப் பாதி ஆட்டமும் போச்சு.

உடை மாற்றும் அறையில் ஒரு கிளவுஸைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்ற மனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். உதவிக் கோச் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பதினொரு கேம்ப் பார்த்திருக்கேன். இன்னைக்கு மாதிரி நீ பண்ணினதே இல்ல. நிஜமாவே உயிரைக் கொடுத்துப் பிடிக்கப் பார்க்கிற மாதிரியே இருந்துச்சு. அதுலயும் கடைசியில ஒரு கத்து கத்தினே பாரு, நானே நம்பிட்டேன்!"

நான் அவரைப் பார்த்தேன்.

"பெரிய கோச்சுகிட்டயும் சொல்லிட்டேன், நான் கேட்டுக்கிட்டதாலதான் விட்டான்னு. தன்னோட வாய்ப்பு போனாலும் பரவாயில்லைன்னு இன்னொருத்தனுக்காக விட்டான் பாருங்கன்னு. அவர் அசந்துட்டாரு. இப்படிப்பட்ட ஆளை எப்படி இத்தனை நாள் உட்கார வெச்சீங்கன்னு என்னையே திட்டுறாரு. நாளைக்கு ரெண்டாவது பாதி உனக்குத்தான்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சார், நான் விடவில்லை, என்னால் முடியவில்லை என்று இரண்டு வாக்கியம். அது வாய் வரை வந்தது. அவரிடம் கோபப்பட வேண்டும் என்றும் இருந்தது. நான்கு வருடமாக என்னை இப்படி ஆக்கியது நீங்கள்தான் என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சரி சார் என்றது யார்? சொன்னால் நாளைய ஆட்டம் இல்லை. சொல்லாவிட்டால், செய்யாத தியாகத்துக்குக் கூலியாக ஆட்டம் உண்டு. நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் என்று எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறேன். இந்த விதம் மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

அவர் போன பிறகு மனைவிக்குப் போன் செய்தேன். ஷிப்ட் நடுவில் எடுத்தாள். பின்னால் பரிசோதனைக் கூடத்து இயந்திரம் ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ரெண்டாவது பாதி ஆடுறேன்" என்றேன்.

அவள் போட்ட சத்தத்தில் கூட இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்பது எனக்குக் கேட்டது. அவர்களுக்கும் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். அண்ணனுக்கு உடனே சொல்ல வேண்டும், கிடங்கில் எல்லாரையும் உட்கார வைத்து டிவியில் பார்க்க வைப்பார் என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை புடிச்சீங்க?"

"ரெண்டு."

"பத்துலயா?"

"பத்துல."

"ஒண்ணையும் விட மாட்டேன்னு காலையில சொன்னீங்களே?"

"விடலை" என்றேன்.

என்னை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வளைகிற முழங்காலைக் கண்டுபிடித்தவள் அவள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு ரத்த மாதிரிக் குழாயில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டதைத் தானே போய் மேலதிகாரியிடம் சொல்லித் திட்டு வாங்கியவளும் அவள்தான். வீட்டில் சின்னப் பொய்க்குக்கூட இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஆகவே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னால் போய்ச் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"அது அவங்களுக்குத் தெரியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"தெரியாது."

"சொல்லிடாதீங்க" என்றாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அண்ணன்கிட்டகூட."

பயந்துபோய்ச் சொன்னாள். என் கைகள் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அவள் அதுவரை பயந்ததே இல்லை.